கணினிக்கும் எழுதிய சட்டம் வேண்டும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கடலை வலப்புறம் வைத்து வடக்கே செல்லும் வீதி, உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து குச்சவெளியை அடைகின்றது. அதற்கும் அப்பால் புல்மோட்டை வரை நீள்கின்றது. மீன்பிடியையும் வேளாண்மையையும் சீவனமாகக் கொண்ட இக்கரையோர ஊர்களிலே, பிரதேச செயலகம், பிரதேச சபை, பாடசாலை என எந்த வாசலில் நுழைந்தாலும் இப்பொழுது மேசைமீது கணினி இருக்கக் காண்கின்றோம். கடிதம் எழுதுவதும், பெயர்ப்பட்டியல் தயாரிப்பதும், பரீட்சை விண்ணப்பம் அனுப்புவதும் பெரும்பாலும் அதன் வழியேதான்.

ஊருக்குக் கணினி வருவது ஒரு விழா. நாடா வெட்டுகின்றார்கள், படம் பிடிக்கின்றார்கள். வந்த கணினிகளை ஒரே சீராக வைத்துக் காப்பது எப்படி என்னும் கேள்வி அன்று எழுவதில்லை. அவற்றைப் பராமரித்துவந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற மறுநாளே அது எழுகின்றது. எந்தக் கணினியில் எதனை எவ்வாறு மாற்றி வைத்தார் என்பது அவர் தலைக்குள்ளே இருந்தது. அவரோடு அதுவும் பஸ் ஏறிவிட்டது. உதவிக்கு நாலு பேர் உள்ள நகரத்துக் கல்லூரிக்கு இது ஒரு வாரத் தொல்லையாக இருக்கலாம். குச்சவெளி போன்ற ஊருக்கோ ஒரு வருடத்துப் பிள்ளைகளின் பாடமே இதனால் பாழாகக்கூடும்.

இந்நோய்க்கு மருந்து உண்டு. அது பெரும் பணம் கொடுத்து வாங்க வேண்டியதும் அன்று. அம்மருந்து யாது, அதனை எவ்வளவு கொள்ள வேண்டும், அளவு மீறினால் என்ன ஆகும் என்பவற்றை வாசகர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியின் பேரேடு

நம் நாட்டுப் பாடசாலைகளிலும் கந்தோர்களிலும் உள்ள கணினிகளிற் பெரும்பாலானவை மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் முறையில் இயங்குபவை. அம்முறைக்குள்ளே ஒரு பெரிய பேரேடு இருக்கின்றது. ஆங்கிலத்தில் அதனை ரெஜிஸ்ட்ரி என்பர். நாம் பதிவேடு என்போம். திரையின் நிறம், எழுத்தின் அளவு, எந்த விசைப்பலகை, எந்த அச்சுப்பொறி, கடவுச்சொல்லை எத்தனை முறை தவறவிடலாம், வெளியிலிருந்து வரும் நினைவுக்குச்சியைத் திறக்கலாமா என்பன போன்ற ஆயிரக்கணக்கான அமைவுகள் அப்பேரேட்டில் எழுதப்பட்டுள்ளன. கணினி விழித்தெழும்போது அதனைப் படித்தே தன் நடத்தையை அமைத்துக்கொள்கின்றது.

முற்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தன் குறிப்பைத் தனித்தனிச் சிறு கோப்புகளில் எழுதி வைத்தது. வீட்டில் ஆளுக்கொரு கொப்பியில் கணக்கு எழுதினால் மாத முடிவில் என்ன குழப்பம் நேருமோ, அக்குழப்பம் அங்கும் நேர்ந்தது. 1992ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 3.1இல் இப்பதிவேடு சிறிய வடிவில் தோன்றிற்று; 1995இல் வந்த விண்டோஸ் 95இல் எல்லாவற்றுக்கும் உரிய பொதுப் பேரேடாக வளர்ந்தது.

இப்பேரேட்டின் பெரும் பகுதிகளுக்குத் தேன்கூடு என்று பொருள்படும் பெயரை இட்டிருக்கின்றார்கள். காரணம் வேடிக்கையானது. அதனை ஆக்கிய குழுவில் ஒருவருக்குத் தேனீ என்றால் வெறுப்பு. அவரைச் சீண்டுவதற்காகவே மற்றொருவர் தேன்கூடு, அறை என்று பெயர்களைப் புகுத்திவிட்டார் என, அந்நிறுவனப் பொறியியலாளர் ரேமண்ட் சென் எழுதியிருக்கின்றார். பெயர் விளையாட்டாக அமைந்தாலும் பொருத்தமானதே. அறியாமற் கை வைத்தவரைக் கொட்டாமல் விடாத கூடு அது. தவறான இடத்தில் ஓர் எண்ணை அழித்தால் கணினி மறுமுறை எழாமலே போகலாம்.

இப்பேரேட்டில் இரண்டு பகுதிகளை வாசகர்கள் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று, பொறி முழுவதற்கும் உரியது. யார் வந்து அமர்ந்தாலும் அதன் விதி செல்லும். மற்றொன்று, கணினியில் நுழையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியது. இந்த வேறுபாட்டை அறியாமையாலேயே பல சங்கடங்கள் விளைகின்றன.

கைவேலையின் குறை

ஓர் உதாரணம் காண்போம். குச்சவெளிப் பாடசாலை ஒன்றின் கணினி அறையில் 20 கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் தமிழில் எழுதப் பழக வேண்டும். இலங்கையில் நியமமாக ஏற்கப்பட்டது ரெங்கநாதன் விசைப்பலகை. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற் மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது தமிழ்99 விசைப்பலகை. ஆங்கில ஒலியைத் தட்டித் தமிழ் பெறும் முறையும் உண்டு. மூன்றிலும் எழுத்துகள் இருக்கும் இடம் வெவ்வேறு.

ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு கணினியாகச் சென்று, ஒரே விசைப்பலகையை முதலிடத்தில் அமைக்கின்றார். ஒன்றுக்கு 10 நிமிடம் என்றாலும் 20 கணினிக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல். பதினொன்றாவதில் மின்சாரம் நிற்கின்றது. பதினைந்தாவதில் அதிபர் அழைக்கின்றார். திரும்பி வந்தவர் பதினேழிலிருந்து தொடங்குகின்றார். மேலும், அவர் தம்முடைய பெயரால் நுழைந்தே அமைவை மாற்றினார். விசைப்பலகைப் பட்டியலோ நுழைபவர் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதப்படுவது. ஆகையால், மாணவர் தம் பெயரால் நுழையும்போது ஆசிரியர் செய்த மாற்றம் அங்கே இராது!

இதன் விளைவை அனுபவிப்பவர் யார்? நேற்று ஒரு கணினியில் ககரம் இருந்த இடத்தில் இன்று வேறோர் எழுத்தைக் காணும் பிள்ளை, “எனக்குத் தமிழ் எழுத வராது” என்று தன்னையே நொந்துகொள்கின்றது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் இப்பொழுது பரீட்சைப் பாடம். பொறியின் ஒழுங்கீனம் பிள்ளையின் திறமைக் குறைவாகக் கணக்கிடப்படுவது எவ்வளவு அநியாயம்!

எழுதி வைத்த கட்டளை

கையால் செய்ததை எழுத்தால் செய்வதே மாற்று வழி. செய்ய வேண்டியவற்றை வரிசையாக ஒரு சிறு கோப்பில் எழுதிவிட்டால், கணினி அதனைத் தானே படித்து நிறைவேற்றும். இதனைக் கட்டளைத்தொடர் எனலாம். ஆங்கிலத்தில் ஸ்கிரிப்ட் என்பர். விண்டோஸ் கணினிகளுக்கென 2006இல் வெளிவந்த பவர்ஷெல் என்னும் கட்டளை மொழி இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது.

நல்ல கட்டளைத்தொடர் ஒன்று நான்கு காரியங்களைச் செய்யும். பேரேட்டில் உரிய இடத்தைத் தேடும். அங்கே இப்பொழுது என்ன எழுதியிருக்கின்றது என்று படிக்கும். வேண்டிய பெறுமதிக்கு அது மாறாக இருந்தால் மட்டும் திருத்தும். திருத்திய செய்தியைத் திகதியோடு குறித்து வைக்கும். ஏற்கெனவே சரியாக இருந்தால் ஒன்றும் செய்யாது. எனவே, அதனை ஒரு முறை இயக்கினாலும் நூறு முறை இயக்கினாலும் பலன் ஒன்றே.

இதனை விளக்க வீட்டு விளக்கையே எடுத்துக்கொள்ளலாம். “ஆளியைத் தட்டு” என்று இருவரிடம் சொன்னால், முதல்வர் தட்டியதும் விளக்கு எரியும். இரண்டாமவர் தட்டியதும் அணையும். “இந்த விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும்” என்று சொன்னால், எத்தனை பேரிடம் சொன்னாலும் தீங்கில்லை. பார்த்தவர் எரியாவிட்டால் மட்டுமே கை வைப்பார். செய்ய வேண்டிய செயலைச் சொல்லாமல், இருக்க வேண்டிய நிலையைச் சொல்லுதல் என்னும் இத்தத்துவத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் மார்க் பேர்ஜஸ். நோர்வே நாட்டின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்திலே பௌதிக ஆய்வாளராக இருந்த அவர், அங்குள்ள பலவகைக் கணினிகளைப் பராமரிக்க 1993இல் சி.எஃப்.என்ஜின் என்னும் கருவியை ஆக்கினார். அதன் வழிவந்த கருவிகள் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன.

பெரிய நிறுவனங்களுக்கு மைக்ரோசொப்ட் வேறொரு வசதியையும் வைத்திருக்கின்றது. 2000ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 2000இல் குழுக்கொள்கை என்னும் முறை புகுத்தப்பட்டது. நடுவில் உள்ள சேவையகத்தில் விதியை ஒரு தடவை எழுதினால் போதும். கீழுள்ள கணினிகள் சாதாரணமாக 90 நிமிடத்துக்கு ஒரு தரம் “புதிய விதி உண்டோ?” என்று கேட்டு ஏற்றுக்கொள்ளும். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதாதிருக்க, ஒவ்வொன்றும் 30 நிமிடம் வரை முன்பின்னாகத் தாமதித்துக் கேட்கும்.

இதற்கு முன்னிருந்த விண்டோஸ் என்.டி. 4இன் முறையில் ஒரு குறை இருந்தது. விதியை மீட்டுக்கொண்ட பின்னரும் அது எழுதிய எழுத்து பேரேட்டில் அழியாமல் நின்றது. தொழில் அறிந்தோர் அதனைப் பச்சை குத்துதல் என்று கேலி செய்தனர். குழுக்கொள்கை தனக்கெனத் தனியிடம் வகுத்து எழுதுவதால், அவ்வாறு எழுதிய விதியை நீக்கினால் எழுத்தும் நீங்கும். பழைய நிலை திரும்பும். விலக்கிக்கொள்ள முடியாத சட்டம் நல்ல சட்டம் அன்று என்பது கணினிக்கும் பொருந்துகின்றது.

சுற்றறிக்கை மட்டும் போதாது

“விசைப்பலகைக்காகவா இத்தனை பாடு?” என்று சிலர் கேட்கலாம். விசைப்பலகை சிறு காரியந்தான். ஆயின் அதே பேரேட்டில் உயிர்காக்கும் வரிகளும் உள்ளன.

2017 மே 12ஆம் திகதி வன்னாக்ரை என்னும் தீநிரல் உலகைத் தாக்கியது. சுமார் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. கோப்புகளைப் பகிர்வதற்கென 1980களில் உருவான பழைய வலையமைப்பு முறை ஒன்றின் ஓட்டை வழியே அது நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் 14ஆம் திகதி, வெளியிட்டிருந்தது. அதுவன்றி, அக்காலத்து விண்டோஸ் 7 கணினிகளில் பேரேட்டின் ஒரே ஒரு பெறுமதியைப் பூச்சியமாக்கி மீள இயக்கினால், அப்பழைய வாசலையே மூடிவிடலாம். ஒரு வரி! ஒரே ஓர் எண்!

இங்கிலாந்தின் பொது வைத்தியசாலை நிருவாக அமைப்புகள் 236இல் மூன்றில் ஒரு பங்கு இத்தாக்குதலால் பாதிக்கப்பட்டது. சுமார் 19,000 நோயாளர் சந்திப்புகள் தடைப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டனர். பிரித்தானியத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2017 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கை நாம் கருத்தூன்றிப் படிக்க வேண்டியது. திருத்தத்தை இடும்படி மார்ச் மாதத்திலும் ஏப்ரல் மாதத்திலும் எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டிருந்தன. அவற்றின்படி செய்தார்களா என்று அறிவதற்கு முறையான ஏற்பாடுதான் சுகாதாரத் திணைக்களத்திடம் இருக்கவில்லை.

சுற்றறிக்கை அனுப்புதல் வேறு; அது நிறைவேறிற்றா என்று அறிதல் வேறு. அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இதனை விரித்துக் கூற வேண்டியதில்லை. எழுதி வைத்த கட்டளைத்தொடரின் சிறப்பே, கட்டளையும் சோதனையும் ஒன்றாக இருப்பது. அது ஏவும், உடனே திரும்பிப் பார்த்து, எந்தக் கணினி கேட்டது, எது கேட்கவில்லை என்று பட்டியலும் தரும்.

நம் நாட்டிலும் இவ்வகைப் பாடம் ஒன்று நிகழ்ந்தது. 2023 ஓகஸ்ட் மாத இறுதியில், அரசாங்க மின்னஞ்சல்கள் தங்கியிருந்த இலங்கை அரசாங்க முகில் சேவை, கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தகவல்கள் மீட்க முடியாது போயின. அமைச்சரவை அலுவலகமும் இழந்தவற்றுள் ஒன்று. அங்கு இயங்கிய மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான பாதுகாப்பு ஆதரவை உற்பத்தி நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. இந்நிகழ்ச்சி பதிவேட்டு அமைவினால் நேர்ந்ததென்று கூறவில்லை. பதிப்பு பழையதா, பிரதி எடுக்கப்பட்டதா என்று நாள்தோறும் சலியாது கேட்கும் ஏற்பாடு வேண்டும் என்பதையே அது நமக்கு உணர்த்துகின்றது.

ஒரு பிழை, 85 இலட்சம் கணினி

மருந்தின் மறுபக்கத்தையும் கூறாதுவிடின் இக்கட்டுரை நேர்மையானதாகாது. கரைவலை இழுப்பவர்கள் ஒரே குரலுக்கு ஒன்றாக இழுக்கின்றார்கள். அதனாலேயே அத்தனை பாரம் கரையேறுகின்றது. குரல் கொடுப்பவர் தவறினாலோ எல்லாரும் சேர்ந்தே தவறுகின்றார்கள். ஒரு கட்டளை நூறு கணினிக்குச் செல்லும்போதும் நிலை இதுவே.

2024 ஜூலை 19ஆம் திகதி, குரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்குரிய சிறு தகவற் கோப்பு ஒன்றை உலகெங்கும் ஒருங்கே அனுப்பியது. அதில் இருந்த பிழையினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. விமானங்கள் இரத்தாயின, வங்கிகளும் வைத்தியசாலைகளும் தடுமாறின. காக்க வந்த காவலனே கதவை அடைத்துவிட்டான். அனுப்பியது நொடிப்பொழுது, திருத்தியதோ, பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று அக்கோப்பைக் கையால் நீக்கிய பின்னரே. முதலிற் சில கணினிகளுக்கு அனுப்பிப் பார்த்து, பின்னர் படிப்படியாகப் பரப்பியிருந்தால் பெருந்தீங்கு தவிர்ந்திருக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த உண்மை அது.

குச்சவெளிக்கு ஏற்ற வழி

சேவையகமும் சம்பளம் பெறும் நிபுணரும் இல்லாத பாடசாலை என்ன செய்யலாம்? குழுக்கொள்கையைத் தொகுக்கும் கருவி விண்டோஸின் வீட்டுப் பதிப்பில் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எனினும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு நினைவுக்குச்சியும் ஓர் எழுத்துக் கோப்பும் போதும். கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை மட்டும் கீழே தருகின்றேன்.

முதலாவது, மாற்றுவதற்கு முன் பேரேட்டின் அப்பகுதியைப் பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். பதிவேட்டைத் திறக்கும் கருவியிலேயே அதற்கான வசதி உண்டு.

இரண்டாவது, செய்யும் கட்டளையோடு அதனை மீட்கும் கட்டளையையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். கையால் எழுதிய கட்டளை தானாக அழியாது. பச்சை குத்தியது போல் நிற்கும்.

மூன்றாவது, ஒரு கணினியில் இயக்கி, மாணவர் பெயராலும் நுழைந்து பார்த்து, ஒரு நாள் பொறுத்து, பின்னரே ஏனையவற்றில் இயக்குதல் வேண்டும். பதிவேட்டுக் கோப்பில் சதுர அடைப்புக்குள்ளே முதலாவதாக ஒரு கழித்தற்குறி விழுந்தால் அப்பகுதி முழுவதுமே அழிந்துவிடும். ஒரு சிறு கோடு செய்யும் கேடு அவ்வளவு.

நான்காவது, நிருவாகிக்குரிய கடவுச்சொல்லை அன்றாடப் பாடத்துக்குப் பயன்படுத்தலாகாது. அது அதிபரின் பெட்டகத்தில் ஒரு பிரதியாகவும் இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு உள்ளது என்னும் பட்டியல் வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்க மாட்டா. அவற்றை இணையத்திலிருந்து விலக்குவதா, லினக்ஸ் போன்ற இலவச முறைக்கு மாற்றுவதா என்பதை அப்பட்டியலைப் பார்த்தே தீர்மானிக்க இயலும்.

ஆறாவது விதியே இவை எல்லாவற்றிலும் தலையாயது. ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே, அது எதற்காக, எப்பொழுது எழுதப்பட்டது என்பதைத் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். பவர்ஷெல் கோப்பில் ஒரு குறியை முன்னே இட்டால் அந்த வரியைக் கணினி வாசியாது. மனிதர் வாசிப்பதற்கென்றே அவ்வரிக்கு இடம் விட்டிருக்கின்றார்கள். கோப்பை யூனிகோட் முறையில் சேமித்தால் தமிழெழுத்து சிதையாது. “மாணவர் எல்லாருக்கும் ரெங்கநாதன் விசைப்பலகை முதலிடத்தில் வர வேண்டும், பரீட்சைக்குப் பழகுவதற்காக” என்று ஒரு வரி இருந்தால், பின்னால் வருபவர் கணினிக் கலையில் வல்லவராக இல்லாவிடினும் காரணத்தை அறிவார். காரணம் தெரிந்தால் காலத்துக்கேற்ப மாற்றவும் துணிவார்.

அந்தத் தமிழ் வரிகள் மாணவர்க்கும் உரியவை. இன்ன தளம் திறவாது, இன்ன கோப்பு இயங்காது என்று விதித்தால், அதனை ஒளித்துச் செய்யாமல் கணினி அறைச் சுவரில் எழுதி ஒட்டுவதே அழகு. தமக்கு விதிக்கப்பட்ட சட்டத்தையும் அதன் காரணத்தையும் படித்தறிந்த பிள்ளை அதனை மீற வழி தேடுவது குறைவு. அதனைத் திருத்தி எழுதக் கற்றுக்கொள்ளவும் கூடும். அந்தப் பிள்ளையே நாளை இவ்வூருக்கு வேண்டிய நிபுணர்.

ஆசிரியர்களே, கந்தோர் உத்தியோகத்தர்களே! இந்தத் தவணை முடிவதற்குள் நும் பொறுப்பிலுள்ள கணினிகளின் அமைவுகளை ஒரு கோப்பில் எழுதுங்கள். அச்செடுத்து, பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தோடு ஒரு பிரதியை வையுங்கள். பக்கத்து ஊர்ப் பாடசாலைக்கும் ஒன்று கொடுங்கள். அவர்கள் எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். இடமாற்றம் உத்தியோகத்தருக்கு வருவது இயல்பு. அவர் தேடிய அறிவு ஊரோடு தங்கட்டும்.